ஏழாம் அத்தியாயம்: பெயருக்கு மட்டும் ஒரு கையெழுத்து

சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையத்தின் நீண்ட நகரும் படிகளில் ஏறி வெளியே வந்தால், பித்தளைச் சாமான் கடைகளை ஒட்டிக் கல்யாண அட்டைக் கடைகள் தொடங்கிவிடும். தில்லித் தமிழ்க் குடும்பங்களில் பலரும் பத்திரிகை அடிக்க இங்கேதான் வருகிறார்கள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை ஊர்ச் சொந்தங்களுக்கு. அலுவலக நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்துப் பஞ்சாபிக் குடும்பங்களுக்கும் இங்கே அடித்த அட்டை. கடைக்காரர் ஆல்பத்தைப் பிரித்து வைப்பார். நாலைந்து பக்கம் புரண்டதும் கல்யாணப் பெண்ணின் விரல் ஓரிடத்தில் நிற்கும். மயிரிழையாக மெலிந்து, வலப்பக்கம் சாய்ந்து, ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட்டு ஓடும் ஆங்கிலக் கையெழுத்து. "இதே மாதிரி வேணும்" என்பாள்.

அவள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஒருவர் உட்கார்ந்து நிதானமாக நம் பெயரைத் தன் கையால் எழுதித் தந்தார் என்ற உணர்வை அச்செழுத்துகளில் இந்த ஒரு வகைதான் தருகிறது. ஆனால் எழுத்துருக்களிலேயே எளிதில் பழுதாவதும் இதுதான். அளவு கொஞ்சம் குறைந்தால், காகிதம் கொஞ்சம் சொரசொரத்தால், பெயர் கொஞ்சம் நீண்டால் அழகு போய்விடும். சில சமயம் பெயரே மாறிவிடும். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மெலிவு எங்கிருந்து வந்தது

ஒரு நல்ல சாய்வுக் கையெழுத்துருவைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கீழே இறங்கும் கோடு தடித்திருக்கும், மேலே ஏறும் கோடு நூலாக இருக்கும். கூர்நுனி நிப்பின் குணம் அது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து மை பரவும். மேலே தள்ளும்போது அழுத்த முடியாது, நிப் காகிதத்தில் குத்திக்கொள்ளும். அதனால் அங்கே வெறும் இழைதான் விழும். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுத்தாசிரியர்கள் இறகுப் பேனாவால் வளர்த்த உருண்டைக் கையெழுத்து இது. அவர்களுடைய மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் காப்பர்பிளேட் என்ற பெயர் நிலைத்தது. அந்த ஆசிரியர்களில் ஒருவரான சார்லஸ் ஸ்னெல்லின் கையைப் பார்த்துத்தான் மேத்யூ கார்ட்டர் 1960களில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் எழுத்துருவை வரைந்தார். இன்று கல்யாண அட்டைகளில் காணும் கிரேட் வைப்ஸ், எட்வர்டியன் ஸ்கிரிப்ட் எல்லாம் அந்தக் கூர்நுனி மரபில் வந்தவைதான்.

கையெழுத்தின் அழகு தேடி லண்டன் வரை போகவேண்டியதில்லை. நம் அரசியல் சாசனத்தின் ஆங்கில மூலப்படி தில்லியில் கையால் எழுதப்பட்டது. எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. எழுத்துக்கலை அவருக்குப் பாட்டனாரிடமிருந்து வந்தது. கூலி வேண்டாம், ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர் இருக்கவேண்டும், கடைசிப் பக்கத்தில் பாட்டனார் பெயரும் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதினார் என்பார்கள். பக்கங்களின் சித்திர வேலை நந்தலால் போஸும் சாந்திநிகேதன் கலைஞர்களும் செய்தது. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் அதில் கையொப்பமிட்டார்கள். பிறகு டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் அச்சகத்தில் படியெடுத்தார்கள். மூலம் நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. படப்பிரதிகள் எளிதில் கிடைக்கும்.

அட்டை வடிவமைக்கும் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அதில் ஒரு பக்கத்தையாவது கால் மணி நேரம் உற்றுப் பார்க்கவேண்டும். எழுத்து சாய்ந்து ஓடுகிறது, கையின் இளக்கம் தெரிகிறது. ஆனாலும் ஒரு சட்டப் பிரிவைக்கூடத் தடுக்காமல் படிக்க முடிகிறது. அலங்காரத்தையெல்லாம் பக்க ஓரத்துக்கு விட்டுவிட்டு எழுத்தை அடக்கமாக வைத்திருக்கிறார். பக்கம் பக்கமாகப் படிக்கவேண்டிய எழுத்துக்கு அந்த அடக்கம் வேண்டும். கல்யாண அட்டையில் ஒரு பெயரைச் சுழித்து எழுதலாம், மண்டபத்தின் முகவரியைச் சுழித்து எழுதக்கூடாது.

தமிழின் மென்மை வேறு

பத்திரிகையில் தமிழும் வேண்டும் என்று கேட்பவர்களிடம் பெரும்பாலான கடைகள் சறுக்கும் இடம் இது. ஆங்கிலம் சாய்ந்து சுழித்து ஓடுகிறது, தமிழும் அப்படியே ஓடட்டும் என்று, நிமிர்ந்த எழுத்துருவை மென்பொருளில் வலப்பக்கம் சாய்த்து விடுகிறார்கள். சுழிகள் நசுங்கும். ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் ஒன்றுபோல் ஆகிவிடும். கல்யாணி கல்யானி ஆவாள்.

தமிழ் எழுத்து எழுத்தாணியில் வளர்ந்தது. ஓலையைக் கீறும் ஆணி, நிப்பைப் போல விரியாது. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே கனம். ஆகவே தடித்தும் மெலிந்தும் மாறுவது தமிழ்க் கைக்குப் பிறவிக் குணம் கிடையாது. வளைவு எவ்வளவு சீராக உருள்கிறது, சுழி எவ்வளவு திறந்திருக்கிறது, கால் எப்படி முடிகிறது, இவற்றில்தான் நம் எழுத்தின் மென்மை இருக்கிறது. தாத்தாக்கள் எழுதிய பழைய இன்லாண்டு கடிதம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மசிப் பேனாவால் எழுதியதுதான், ஆனாலும் ஏறக்குறைய ஒரே கனத்தில் ஓடும். துணைக்கால் அடுத்த எழுத்தோடு சேர்ந்துகொள்ளும். லை, னை போன்றவற்றில் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வளைந்த துதிக்கை இருக்கும். எனக்கு அந்தத் துதிக்கை மிகவும் பிடிக்கும். வீட்டில் பெரியவர் கையால் பிள்ளைகளின் பெயரை எழுதச் சொல்லி, ஸ்கேன் செய்து, அதையே அட்டையின் தலைப்பாக வைத்த பத்திரிகைகள் சில செய்திருக்கிறேன். எந்த எழுத்துருவும் அதற்கு ஈடாகவில்லை.

அதற்கு வழியில்லையென்றால் எழுத்துரு தேடுங்கள். இலவசமாக, வியாபார வேலைக்கும் அனுமதியோடு, கூகுள் ஃபான்ட்ஸில் கிடைப்பவற்றில் என் முதல் தேர்வு கவிவாணர். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. பிறவியிலேயே சாய்ந்த தமிழ்க் கையெழுத்து. மென்பொருள் சாய்த்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ழ-வைப் பார்த்ததும் தெரியும். கனம் ஒன்றுதான், மெலிந்த வடிவம் இல்லை. அதனால் கிரேட் வைப்ஸுக்குப் பக்கத்தில் வைக்கும்போது தமிழை இரண்டு மூன்று பாயிண்ட் குறைத்து வையுங்கள், கனம் ஒத்துப்போகும். நிமிர்ந்து, முனைகள் உருண்டு, மெல்லியதாக வேண்டும் என்றால் நத்தனயேல் காமா வடிவமைத்த அரிமா மதுரை. மயிரிழைக் கனத்திலிருந்து மிகத் தடிமன் வரை அதில் உண்டு. நாள், நேரம், இடம் போன்ற விவரங்களுக்கு பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் அல்லது எக் டைப் குழுவின் முக்த மலர். இவை அலட்டாமல் தகவலைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஹிந்தியும் சேர்ப்பவர்கள் தேவநாகரிக்கு இந்தியன் டைப் ஃபவுண்ட்ரியின் கலம் எடுக்கலாம், அதுவும் பேனா எழுத்துதான். ஓர் அட்டையில் மூன்று மொழியும் கையெழுத்தாக வேண்டாம். ஒன்று மட்டும் ஓடட்டும், மற்ற இரண்டும் நிற்கட்டும்.

எழுத்துருவை முடிவு செய்யும் முன் ஒரு வரி தட்டச்சுச் செய்து பாருங்கள்: உ, ஸ்ரீ, சௌபாக்கியவதி, சிரஞ்சீவி, லக்ஷ்மி, ஜ, ஷ, ஹ, ஞ, ஃ. பத்திரிகைக்கு இவ்வளவும் தேவைப்படும். பார்க்க லட்சணமான எழுத்துருக்கள் சில ஸ்ரீ-யில் கட்டம் போட்டுக் காட்டும்.

ஆங்கிலத்தில் நம் பெயர்கள்

ஆங்கிலக் கையெழுத்துருக்கள் நம்முடைய பெயர்களை எண்ணி வரையப்பட்டவை அல்ல. நமக்கு முன்னெழுத்து உண்டு, சில வீடுகளில் இரண்டு மூன்று. இந்த எழுத்துருக்களில் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் பெயரின் வாசலில் ஒற்றையாக நிற்பதற்கென்று வரைந்த கோலம். கே, ஆர், எஸ் என்று மூன்று கோலத்தை வரிசையாக வைத்தால் ஒன்றின் சுழி மற்றொன்றில் சிக்கி எதுவும் புரியாது. ஐ-யும் ஜே-யும் குழம்பும், டி-யும் எஃப்-பும் குழம்பும். எனவே முன்னெழுத்துகளைச் சாதாரண எழுத்துருவில் சிறியதாக வைத்து, பெயரை மட்டும் கையெழுத்தில் போடுங்கள். அல்லது மணமக்களின் பெயரை முன்னெழுத்தில்லாமல் பெரிதாக நடுவில் வைத்து, முழுப்பெயரைக் கீழே பெற்றோர் விவரத்தோடு சொல்லுங்கள். இரண்டாவது வழிதான் எனக்கு அழகாகப் படுகிறது. முழுப் பெயரையும் பெரிய எழுத்துகளிலேயே போடச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். இந்த வகை எழுத்துருவில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

நீளம் இன்னொன்று. ரேவதி என்றால் ஒரே மூச்சில் நின்றுவிடும். பாலசுப்பிரமணியன் அட்டையின் இரண்டு ஓரத்தையும் தொடும். இடத்துக்குள் அடக்கப் பெயரை நெருக்கினாலோ, இடைவெளி கொடுத்து விரித்தாலோ, எழுத்துகளைச் சேர்க்கும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அல்லது அறுந்து நிற்கும். சேர்ந்தோடும் எழுத்துருவில் எழுத்திடைவெளியைத் தொடவே கூடாது. அட்டையைக் குறுக்குவாட்டில் திருப்புங்கள், அல்லது மேல் கீழ்ச் சுழிகள் குட்டையான அலெக்ஸ் பிரஷ் போன்ற ஒன்றுக்கு மாறுங்கள். கிரேட் வைப்ஸ், அலெக்ஸ் பிரஷ் இரண்டும் ராபர்ட் லியூஷ்கி வரைந்தவை, இரண்டும் இலவசம். வால், கொடிச் சுழி எல்லாம் கூடுதலாகக் கிடைக்கிற எழுத்துருக்களில் பெயரின் முதல் எழுத்துக்கு ஒன்று, கடைசி எழுத்துக்கு ஒன்று போதும்.

அளவுக்கு என் கணக்கு இது. 5 அங்குலத்துக்கு 7 அங்குல அட்டையில் மணமக்கள் பெயர் 30 பாயிண்டுக்குக் குறையவேண்டாம். எந்த இடத்திலும் 18-க்குக் கீழே போகவேண்டாம். இந்த எழுத்துருக்களில் சிற்றெழுத்துகளின் உடல் மிகக் குட்டை. 12 பாயிண்டில் வைத்தாலும் கண்ணுக்கு 7, 8 போலத்தான் தெரியும். பெயரைச் சுற்றி, பெயரின் உயரம் அளவுக்காவது வெற்றிடம் விடுங்கள். பிள்ளையார், மயில், வாழை மரம், பூச்சரம் எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கட்டும்.

அச்சில் அறுந்துபோகும் இழை

என் அக்கா மகள் வைதேஹியின் கல்யாணத்துக்கு நானே அட்டை வடிவமைத்தேன். பஞ்சுபோல் மேடுபள்ளம் உள்ள தடித்த காகிதம், தங்க ஃபாயில், மிக மெல்லிய ஆங்கிலக் கையெழுத்து. திரையில் பார்த்தபோது அவ்வளவு பிடித்திருந்தது. 400 அட்டை வந்திறங்கிய அன்று அக்கா ஒன்றை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தாள். "என்னடா, பேரையே தப்பாப் போட்டிருக்கே?" பெயரின் நடுவில் வரும் டி எழுத்துக்கு ஒரு வயிறு, ஒரு தண்டு. இரண்டையும் சேர்க்கும் இழை ஃபாயிலில் விழவே இல்லை. வயிறு சி ஆகிவிட்டது, தண்டு எல் ஆகிவிட்டது. வைதேஹியைப் படித்தவர்கள் வைக்லேஹி என்றுதான் படித்தார்கள். அச்சகத்தின் மேல் எந்தப் பிழையும் இல்லை. கொடுத்ததை அடித்தார்கள். அந்தக் காகிதத்துக்கு அந்த இழை தாங்காது என்று நான்தான் அறிந்திருக்கவேண்டும். வழுவழுப்பான அட்டையில், கொஞ்சம் கனம் கூட்டி, முழுவதையும் மறுபடி அடித்தோம்.

ஃபாயில் அச்சில் சூடான உலோக டை ஃபாயிலைக் காகிதத்தின்மேல் அழுத்தும். காகிதத்தின் பள்ளங்களுக்குள் அது இறங்காது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வலையின் நூல்கள் குறுக்கே வருவதால் மெல்லிய சாய்கோட்டின் ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். நாலு வண்ண ஆஃப்செட்டில் மெரூன், பழுப்பு, தங்கச் சாயல் எல்லாம் பல நிறப் புள்ளிகள் சேர்ந்து பிறப்பவை. இழை புள்ளியைவிட மெலிந்தால் கோடு பொடிப் பொடியாகும். ஆகவே மெல்லெழுத்துக்கு ஒற்றை மை கேளுங்கள், கறுப்போ தனியாகக் கலந்த மெரூனோ. கரும் பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விடும்போது மை உள்ளே பரவி இழையை விழுங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான் கைக்கொள்ளும் அளவுகள்: வழுவழுப்பான ஆர்ட் அட்டையில் ஆஃப்செட்டுக்கு எழுத்தின் மிக மெல்லிய இடம் 0.25 பாயிண்ட். ஸ்கிரீனுக்கும் வழுவழுப்பான காகிதத்தில் ஃபாயிலுக்கும் 0.5. சொரசொரப்பான காகிதத்தில் ஃபாயில் என்றால் 0.75. ஒரு பாயிண்ட் என்பது 0.35 மில்லிமீட்டர், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சரிபார்க்க, பெயரை அச்சாகும் அளவுக்கே வைத்து, அதன் மிக மெல்லிய இழைக்குப் பக்கத்தில் அந்தக் கனத்தில் ஒரு கோடு வரைந்து, பெரிதாக்கிப் பாருங்கள். இழை கோட்டைவிட மெலிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது அதே நிறத்தில் மெல்லிய ஓரக்கோடு கொடுங்கள். பிறகு உண்மையான காகிதத்தில் ஓர் அட்டை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சிறு தொகை கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

தமிழ் தெரியாத கைகளில்

சாவ்ரி பஜாரில் கணினி முன் உட்காரும் இளைஞர்கள் கெட்டிக்காரர்கள், வேலையில் படு வேகம். ஆனால் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பு இயங்காமல் இருந்தால் கௌரியின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும், அவர்கள் கண்ணுக்கு அது சித்திரம்போல் சரியாகவே தெரியும். ஊரிலிருந்து பாமினி போன்ற பழைய குறியீட்டில் அனுப்பிய கோப்பை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் மொத்தமும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

ஆகவே தமிழை அவர்களிடம் தட்டச்சுச் செய்யக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே யூனிகோடில் அமைத்து, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிக் கொடுங்கள். கோரல்டிராவில் கண்ட்ரோல் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிப்ட் ஓ. அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது. எழுத்தாகத் திருத்தவும் முடியாது, எனவே மாற்றாத மூலக்கோப்பு ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு எங்கெல்லாம்

நவராத்திரிக் கொலு அழைப்பு, சீமந்தம், பெயர்சூட்டு, அரங்கேற்ற அழைப்பிதழில் நடனமாடும் பெண்ணின் பெயர், பள்ளிச் சான்றிதழில் மாணவர் பெயர், கவிதைத் தொகுப்பின் அட்டை, வீட்டில் செய்யும் சோப்புக்கும் வாசனைத் தைலத்துக்கும் சீட்டு, இங்கெல்லாம் இந்த எழுத்து பொருந்தும். வியாபாரத்துக்கு எடுக்கும்போது உரிமத்தைப் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்று தரும் எழுத்துரு கடையின் சின்னத்துக்கு ஆகாது.

தெருவில் வைக்கும் பெயர்ப்பலகைக்கு வேண்டாம். கரோல் பாக் கடைத்தெருவில் நூறு பலகைகளுக்கு நடுவே மயிரிழை எழுத்து கண்ணில் படாது. கையெழுத்தின் உயிரும் வேண்டும், தூரத்திலும் தெரியவேண்டும் என்றால் தில்லியின் பெயர்ப்பலகை ஓவியர்களின் தூரிகை எழுத்தைப் பாருங்கள். மறைந்த ஹனீஃப் குரேஷி அந்த ஓவியர்களைத் தேடிப்போய் அவர்கள் கையைக் கணினி எழுத்துருவாக்கி வைத்தார். கொழுத்த, நிழல் போட்ட, துணிச்சலான எழுத்துகள். அவையும் கையெழுத்துதான்.

கைப்பேசியில் அனுப்பும் அழைப்புக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது முதலில் கரைவது மெல்லிய இழைதான். 1080-க்கு 1920 அளவில், வெளிர்ப் பின்னணியில் அடர் நிறமாக, பெயரை மட்டும் கையெழுத்தில் வையுங்கள். படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது.

கடைசியாக ஒரு வேலை. அச்சுக்குச் சம்மதம் சொல்லும் முன், மாதிரி அட்டையை வீட்டில் வயதில் மூத்தவர் கையில் கொடுங்கள். எதுவும் விளக்கவேண்டாம். பெயர்களை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பெயரிலாவது அவர் தயங்கினால் எழுத்துருவை மாற்றிவிடுங்கள்.